கழுத்தைப் பார்

தைராய்டு அறுவை முடிந்து தியேட்டரிலிருந்து வெளியே வரும் நோயாளியின் கழுத்தில், தையலுக்குச் சற்றுத் தள்ளிச் சின்னத் துளை ஒன்றின் வழியே மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வெளியே வந்திருக்கும். அதன் மறுமுனையில் மடிப்பு மடிப்பாக ஒரு டப்பா. டப்பாவை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடியை அடைத்துவிட்டால், அது பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பில், கழுத்துக்குள் கசியும் ரத்தமும் நீரும் குழாய் வழியே வந்து சேரும். டாக்டர்கள் இதை 'சக்‌ஷன் டிரெயின்' என்பார்கள். வார்டில் 'டிரெயின் பாட்டில்'. கம்பெனிப் பெயரிலேயே 'ரோமோவேக்' என்று சொல்கிறவர்களும் உண்டு. நோயாளிகளுக்கு வெறும் 'டியூப்'.

அறுவை சிகிச்சை வார்டில் நான் செவிலியாக வேலை பார்த்த காலத்தில், காலை டியூட்டி ஏற்றதும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று இந்தப் பாட்டிலை அளப்பது. எத்தனை மில்லி, என்ன நிறம் என்று சார்ட்டில் எழுத வேண்டும். முதல் நாள் அடர்சிவப்பு. மறுநாள் வெளிறிய சிவப்பு. அப்புறம் வைக்கோல் மஞ்சள். 24 மணி நேரத்தில் 20, 30 மில்லிக்குக் கீழே இறங்கிவிட்டால் எடுத்துவிடச் சொல்வார்கள். குழாயை உருவும் அந்த ஒரு நொடி, கழுத்துக்குள்ளிருந்து எதையோ இழுப்பது போல இருக்கிறது என்று பெண்கள் முகம் சுளிப்பார்கள். தைராய்டு நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். அதனால் இந்தக் காட்சியெல்லாம் பெரும்பாலும் பெண்கள் வார்டில்தான். பாட்டிலை மஞ்சப்பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பாத்ரூம் போவார்கள். பக்கத்துக் கட்டிலுக்குப் போய்க் கதை பேசுவார்கள்.

"சிஸ்டர், இன்னைக்கு எவ்வளவு வந்திருக்கு?"

"கொறஞ்சிருச்சும்மா. நாளைக்கு எடுத்துருவாங்க."

"கெட்ட ரத்தம் எல்லாம் வெளிய போயிரட்டும் சிஸ்டர். அவசரப்பட்டு எடுத்துராதீங்க."

அந்த நம்பிக்கையை நான் லேசாக எண்ணவில்லை. உடம்பைத் திறந்து மூடியிருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே இருப்பதைக் கொஞ்சமாவது வெளியே கொண்டுவந்து கண்ணுக்குக் காட்டுகிற ஒரே பொருள் அந்தப் பாட்டில்தான். நோயாளி அதை நம்புகிறார், வீட்டார் நம்புகிறார்கள், பயிற்சி டாக்டர் நம்புகிறார். அறுத்து முடித்த டாக்டரும் அதை நம்பித்தான் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அதை எந்த அளவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

*

பயம் நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தைராய்டு சுமார் 20 கிராம் எடையுள்ள சுரப்பி. அந்த எடைக்கு அது வாங்கும் ரத்தம் மிக அதிகம். கிராம் கணக்கில் பார்த்தால் சிறுநீரகத்தைக்கூட மிஞ்சிவிடும். மேலிருந்து இரண்டு தமனிகள், கீழிருந்து இரண்டு, அவற்றைச் சுற்றி எளிதில் கிழியும் மெல்லிய சிரைகள். இவை ஒவ்வொன்றையும் கட்டியோ, சூட்டால் அடைத்தோதான் சுரப்பியை வெளியே எடுக்க முடியும். பக்கத்திலேயே குரலுக்கான நரம்பு ஓடுகிறது. கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பயறு அளவில் பின்புறம் ஒட்டிக்கிடக்கின்றன. ரத்தம் கசிகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு அங்கே சூடு வைக்க முடியாது. நரம்பு கருகினால் குரல் போய்விடும்.

தைப்பதற்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் நுரையீரலைக் காற்றால் நிரப்பிச் சற்றுப் பிடித்துவைப்பார். தலைப்பக்கம் மேசையைத் தாழ்த்துவதும் உண்டு. சிரைகளில் அழுத்தம் ஏறும்போது, அதுவரை ஒளிந்திருந்த கசிவு தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதையும் கட்டிய பிறகுதான் தசைகளைச் சேர்த்துத் தோலைத் தைப்பார்கள். அப்படியும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. நோயாளி விழிக்கும்போது இருமுகிறார், வாந்தி எடுக்கிறார், ரத்த அழுத்தம் ஏறுகிறது. எங்கோ ஒரு கட்டு நழுவுகிறது.

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் நிறைய ரத்தம் சேரும்வரை இடம் இருக்கும். கழுத்தில் அந்த இடம் கிடையாது. தசையும் சவ்வும் சுற்றிலும் இறுகிய சின்ன அறை அது. அங்கே தேங்கும் ரத்தம் மூச்சுக்குழாயை நேராக நசுக்கிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. தேங்கிய ரத்தத்தின் அழுத்தம் முதலில் சிரைகளையும் நிணநீர்ப் பாதைகளையும் அடைக்கிறது. திரும்பிப் போக வழியில்லாமல் குரல்வளையின் உள்தோல் வீங்குகிறது. மூச்சு வழி உள்ளிருந்தே மூடிக்கொள்கிறது. அதனால்தான் அந்த நேரத்தில் வாய்வழியே குழாய் செலுத்தி மூச்சுக் கொடுப்பதும் கடினமாகிறது. தைராய்டு அறுவைக்குப் பின் இப்படி ரத்தம் கட்டுவது பெரும்பாலான மருத்துவமனைகளில் நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ நடப்பது. பாதிக்கு மேல் முதல் ஆறு மணி நேரத்திலும், மிச்சத்தில் பெரும்பகுதி 24 மணி நேரத்துக்குள்ளும் வந்துவிடும். அந்த ஒருவரை மனத்தில் வைத்துத்தான் நூறு பேருக்கும் குழாய் வைக்கிறார்கள்.

*

இந்தப் பயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தைராய்டு அறுவை என்பது ஏறக்குறைய மரண தண்டனை. ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளின் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. தலைமுறை தலைமுறையாக மக்களுக்குக் கழுத்தில் கழலை வளர்ந்தது. சிலருக்கு அது மூச்சை அடைக்கும் அளவுக்குப் பெருத்தது. அதை அறுத்தவர்களோ ரத்தப்போக்கிலும் சீழிலும் நோயாளிகளைப் பறிகொடுத்தார்கள். 1850இல் பிரெஞ்சு மருத்துவ அகாதமி இந்த அறுவையைக் கண்டித்து ஒதுக்கியது. ஐரோப்பாவின் மிகப் பெரிய அறுவை நிபுணர்களில் ஒருவரான தியோடர் பில்ரோத் சூரிச்சில் கழலைகளை அறுத்து, இறப்புகளைத் தாங்க முடியாமல் பல ஆண்டுகள் அதை நிறுத்தியே வைத்திருந்தார். கிருமிநீக்க முறைகள் வந்த பிறகு வியன்னாவில்தான் மறுபடி தொடங்கினார்.

அந்த அறுவையை மனிதர் பிழைக்கும் காரியமாக மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து தியோடர் கோஹர். 1872இல் அங்கே பேராசிரியரானார். அவருடைய தொடக்ககாலக் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கும் மேல் இறந்தார்கள். 1912 வாக்கில், ஐயாயிரம் அறுவைகளைத் தொட்டபோது, அது அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் அறுவை நிபுணர் அவர். அவர் கையில் மந்திரம் எதுவும் இல்லை. நிதானம் இருந்தது. ஒவ்வொரு ரத்தநாளத்தையும் வெட்டுவதற்கு முன்பே பிடித்துக் கட்டினார். திசுக்களைக் கிழிக்காமல் பிரித்தார்.

இந்த நிதானம் எவ்வளவு நுட்பமானது என்பதை அமெரிக்க அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் பிற்பாடு ஒரு வேறுபாட்டைக் கொண்டு காட்டினார். சுரப்பியை முழுவதும் எடுத்த பிறகு, பில்ரோத்தின் நோயாளிகளில் சிலருக்குக் கைகால் இழுப்பு வந்தது. கோஹரின் நோயாளிகளுக்கோ உடம்பு உப்பி, தோல் தடித்து, புத்தி மந்தமாகிப்போகும் நிலை வந்தது. ஏன்? பில்ரோத் வேகமானவர். பாராதைராய்டுகள் அடிபட்டன, தைராய்டின் துணுக்குகள் உள்ளே தங்கின. கோஹர் மெதுவானவர். பாராதைராய்டுகள் தப்பித்தன, தைராய்டு மட்டும் மிச்சமில்லாமல் வெளியே வந்தது. இருவருடைய கைகளின் குணமும் அவரவர் நோயாளிகளின் உடம்பில் எழுதப்பட்டிருந்தது.

கோஹரிடம் என்னை மிகவும் ஈர்ப்பது இதற்கு அடுத்த கட்டம். நன்றாக இருக்கிறார்கள் என்று வீட்டுக்கு அனுப்பிய பழைய நோயாளிகளை அவர் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். தைராய்டு முழுவதையும் இழந்தவர்கள் எப்படிச் சிதைந்துபோயிருந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டார். 1883இல் ஜெர்மன் அறுவை மருத்துவர்கள் கூடிய சபையில் அதை வெளிப்படையாக அறிவித்தார். இனி முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். தைராய்டு எதற்காக இருக்கிறது என்ற அறிவு பிறந்ததில் அந்தப் பார்வைக்குப் பெரிய பங்கு உண்டு. அறுவை நன்றாக முடிந்தது என்ற நினைப்போடு நின்றிருந்தால் அந்த நோயாளிகள் வீட்டு மூலைகளிலேயே கிடந்திருப்பார்கள். செய்து முடித்த பிறகும் போய்ப் பார்ப்பது என்ற பழக்கம் இந்த அறுவையின் வரலாற்றில் முதலிலிருந்தே இருக்கிறது.

*

குழாய்க்குத் தனி வரலாறு. மார்பில் தேங்கிய சீழை வெளியேற்றக் குழாய் வைப்பது ஹிப்போகிரட்டஸ் காலத்து நூல்களிலேயே உண்டு. 1859இல் பாரிஸ் அறுவை மருத்துவர் எதுவார் சசெஞ்யாக் ரப்பர்க் குழாய்களைக் கொண்டு காயங்களை வடியவைப்பது பற்றி இரண்டு பாகங்களில் பெரிய நூல் எழுதினார். 1871 செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் பால்மோரல் அரண்மனையில், விக்டோரியா அரசியின் அக்குளில் வந்த சீழ்க்கட்டியை, கிருமிநீக்க அறுவையின் முன்னோடியான ஜோசஃப் லிஸ்டர் கீறினார். வைத்த துணித் திரி வழியே சீழ் சரியாக வடியவில்லை. கிருமி கொல்லும் கார்பாலிக் தெளிப்பானின் ரப்பர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டி, இரவு முழுவதும் கார்பாலிக் திரவத்தில் ஊறவைத்து, மறுநாள் அரசியின் காயத்தில் வைத்தார். சீழ் வடிந்தது, அரசி குணமானார்.

சீழ் இருக்கும் இடத்தில் குழாய் உயிர் காக்கும். அதில் யாருக்கும் ஐயமில்லை. அங்கே வெற்றி பெற்ற குழாய் பிறகு சீழே இல்லாத இடங்களுக்கும் நகர்ந்தது. இனி ஏதாவது சேரக்கூடும் என்ற ஊகத்திலேயே வைக்கத் தொடங்கினார்கள். சந்தேகம் இருந்தால் குழாய் வைத்துவிடு என்பது பர்மிங்ஹாம் அறுவை மருத்துவர் லாசன் டேட் பெயரால் இன்றும் வழங்கும் பாடம். ஹால்ஸ்டெட் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றார். திசுவை மென்மையாகக் கையாண்டு, ரத்தத்தை நிறுத்தி, காயத்தை உலர்வாக மூடு. அறியாமல் வைக்கும் குழாயைவிடக் குழாய் இல்லாமலிருப்பதே மேல் என்பது அவர் நிலை. 1905இல் ஜான் யேட்ஸ் என்ற அறுவை மருத்துவர் விலங்குகளின் வயிற்றில் குழாய் வைத்துச் சோதித்தார். சில மணி நேரங்களுக்குள்ளேயே உடம்பு அந்தக் குழாயைச் சுற்றி ஒட்டுத்திசுவால் வேலி கட்டி, மற்ற இடத்திலிருந்து அதைத் துண்டித்துவிடுகிறது என்று கண்டார். குழாய் அங்கேயே இருக்கும், ஏதோ கொஞ்சம் வடிந்துகொண்டும் இருக்கும். அது வடியவைப்பது பெரும்பாலும் தன்னைச் சுற்றித் தானே உண்டாக்கிய நீரைத்தான்.

இந்த விவாதம் கழுத்துக்கு வந்தபோது ஆய்வுகள் தொடங்கின. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குழாய் வைத்து, மறு பாதிக்கு வைக்காமல் ஒப்பிட்டார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் தொகுப்பு 2007இல் தைராய்டு அறுவையில் குழாய் பற்றிய 13 ஆய்வுகளை, 1,646 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது; அவற்றில் பெரும்பாலானவை இப்படிக் குழாய் வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்டவை. ரத்தம் கட்டி மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டியதிலோ, மூச்சுத் திணறலிலோ, காயத்தில் கிருமித் தொற்றிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஊசி போட்டு உறிஞ்ச வேண்டிய அளவுக்கு நீர் கோப்பது குழாய் வைத்தவர்களிடம் சற்றுக் குறைவு போலத் தெரிந்தது. தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அந்த வேறுபாடும் நிற்கவில்லை. தெளிவாக நின்றது ஒன்றுதான்: குழாய் வைத்தவர்கள் சராசரியாக ஒரு நாளுக்கும் மேல் கூடுதலாக ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

இதை வைத்துக் குழாயால் பயனே இல்லை என்று நிரூபணமாகிவிட்டது என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரத்தம் கட்டுவது நூற்றில் ஒருவருக்கு என்றால், 1,646 பேரில் பதினாறு பேருக்கு நடக்கும். பக்கத்துக்குச் சுமார் எட்டுப் பேர். எட்டு ஆறானாலும் பத்தானாலும் அது குழாயின் வேலையா, தற்செயலா என்று எந்தப் புள்ளிவிவரமும் அடித்துச் சொல்ல முடியாது. அரிதான ஆபத்தை அளக்க ஆயிரங்கள் போதாது. ஆய்வு சொல்வதை அதன் எல்லைக்குள் வைத்துச் சொல்வதென்றால் இப்படித்தான் சொல்லலாம்: குழாய் காப்பாற்றும் என்பதற்கு இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை, குழாய் நோயாளியைக் கட்டிலில் கூடுதலாகக் கிடத்துகிறது என்பதற்குக் கிடைத்திருக்கிறது.

காரணம் கேட்டால் அதற்கும் விடை உண்டு. குழாயின் உள்விட்டம் சில மில்லிமீட்டர். மெல்லக் கசியும் நீரை அது நன்றாகவே இழுக்கும். ஆனால் நீர் யாரையும் கொல்வதில்லை. கொல்வது ரத்தநாளத்தின் கட்டு அவிழ்ந்து வேகமாகப் பாயும் ரத்தம். அந்த ரத்தம் உறையும். உறைந்த கட்டி, மழைக்காலத்தில் மாடி வடிகாலில் அடைத்த சருகைப் போலக் குழாயின் துளைகளை அடைத்துக்கொள்ளும். எப்போது அது மிகவும் தேவையோ அப்போதே வேலை செய்யாமல் போகும். கழுத்து வீங்கிக்கொண்டிருக்கும், பாட்டிலில் கொஞ்சமே இருக்கும். பாட்டிலை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

*

அப்படி ஓர் இரவை நான் பார்த்திருக்கிறேன். பிற்பகலில் தியேட்டரிலிருந்து வந்த பெண். துணைக்கு மகள், கல்லூரிப் படிப்பு முடிக்காத வயது. இரவு அந்த மகள்தான் என் மேசைக்கு வந்தாள்.

"சிஸ்டர், அம்மா படுக்கவே மாட்டேங்குறாங்க. எந்திரிச்சி எந்திரிச்சி உக்காந்துக்கறாங்க."

"வலிக்குதாமா?"

"வலின்னு சொல்லல சிஸ்டர். கழுத்த யாரோ புடிக்கற மாதிரி இருக்குங்கறாங்க. பேச்சும் ஒரு மாதிரி வருது."

போய்ப் பார்த்தேன். நாடித்துடிப்பு வேகம். ஆக்சிஜன் அளவு நன்றாகவே இருந்தது. பாட்டிலில் சாயங்காலம் இருந்ததைவிட அதிகமாக எதுவும் சேரவில்லை. பஞ்சுக்கட்டைப் பிரித்ததும் தையலுக்கு மேல் கழுத்து ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது, தொட்டால் இறுக்கமாக இருந்தது. டியூட்டி டாக்டர் ஓடி வந்தார், மயக்க மருந்து டாக்டருக்கு ஆள் போனது. தியேட்டருக்குக் கொண்டுபோகக் காத்திருக்கவில்லை. கட்டிலிலேயே தோல் தையலை வெட்டினார்கள், அதற்கடியில் தசையைச் சேர்த்திருந்த தையலையும் வெட்டினார்கள். கரும் சிவப்பாக ரத்தக்கட்டி வெளியே வந்தது. அந்த அம்மா நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். அதன் பிறகுதான் தியேட்டர். விட்டுப்போன ரத்தநாளத்தைத் தேடிக் கட்டினார்கள். பிழைத்துக்கொண்டார்.

அவரை முதலில் காப்பாற்றியது மகளின் கண். அவள் பார்த்தது எந்த இயந்திரத்திலும் தெரியாத ஒன்று: அம்மா படுக்க மறுக்கிறாள். இந்த ஆபத்து இப்படித்தான் வரும். நிலைகொள்ளாமை, கழுத்தில் இறுக்கம், விழுங்கச் சிரமம், குரலில் மாற்றம், படுத்தால் மூச்சு முட்டுவது, தையலருகே வீக்கம். ஆக்சிஜன் அளவு இறங்குவதும், மூச்சிழுக்கும்போது விசில் போல ஒலி வருவதும் கடைசி அடையாளங்கள். அவற்றுக்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

2022இல் பிரிட்டனின் மயக்க மருந்து, தைராய்டு அறுவை, காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இதையே நடைமுறையாக்குகிறது. முதல் ஆறு மணி நேரம் மணிக்கொரு முறையாவது நோயாளியைப் பார்க்க வேண்டும். ரத்தக்கட்டியால் மூச்சு அடைபடுகிறது என்று தெரிந்தால் கட்டிலிலேயே ஐந்து காரியங்கள்: கட்டை அகற்றிக் கழுத்தை வெளிப்படுத்து, தையலை வெட்டு, தோலைப் பிரி, தசையைப் பிரி, காயத்தில் துணி வை. அதற்கு வேண்டிய கத்தரிக்கோலும் கருவிகளும் ஒரு பெட்டியில் கட்டிலருகே இருக்க வேண்டும், நோயாளி இடம் மாறினால் பெட்டியும் கூடவே போக வேண்டும். விலை உயர்ந்தது எதுவும் அந்தப் பெட்டியில் இல்லை. நம் ஊரின் எந்தச் சின்ன ஆஸ்பத்திரியும் ஒரே நாளில் அதைத் தயார் செய்துவிடலாம். தயார் செய்ய நாளாவது மனிதர்கள்தான்: எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள், பார்த்ததும் கத்தரிக்கோலை எடுக்கத் தயங்காதவர்கள்.

*

குழாயே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. புற்றுநோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவி, கழுத்தின் பக்கவாட்டையும் திறந்து எடுக்கும் பெரிய அறுவைகளில் இடம் பெரிது, நீர் அதிகம். இடப்பக்கம் அடியில் மார்பிலிருந்து ஏறிவரும் நிணநீர்க் குழல் இருக்கிறது. அது கிழிந்திருந்தால், சாப்பிட்ட பிறகு பாட்டிலில் பால்போல வெண்மையாக வடியும். அந்த நிறத்தைப் பார்க்காவிட்டால் கசிவு தெரியவே தெரியாது. நெஞ்செலும்புக்குள் இறங்கிய பெருங்கழலையை எடுத்த பிறகு உண்டாகும் வெற்றிடம், ரத்தம் உறைவதில் குறை உள்ளவர்கள் — இங்கெல்லாம் டாக்டர் யோசித்து வைக்கிற குழாய்க்கு மரியாதை உண்டு. என் கேள்வி யோசிக்காமல் வைக்கும் குழாயைப் பற்றியது. ஒரு பக்கச் சுரப்பியை மட்டும் எடுத்த, காயம் உலர்வாக இருக்கும், ஆரோக்கியமான ஒருவருக்கு வழக்கம் என்பதாலேயே வைக்கும் குழாயைப் பற்றியது.

அந்த வழக்கம் ஏன் விடுவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குழாய் வைத்து ஏதாவது நேர்ந்தால் எல்லாம் செய்தோம் என்று சொல்லலாம். வைக்காமல் நேர்ந்தால், ஏன் வைக்கவில்லை என்று உறவினர் கேட்பார்கள், மேலதிகாரி கேட்பார், நாளை நீதிமன்றமும் கேட்கலாம். இளம் டாக்டர் தன் ஆசிரியர் வைத்ததைப் பார்த்துப் பழகியவர். ஆசிரியரும் அப்படியே பழகியவர். இந்தப் பயங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு கழுத்து புடைப்பதைப் பார்த்தவர் யாரும் அவற்றைக் குறை சொல்லமாட்டார்.

இவற்றைவிட ஆழமான ஒரு காரணம் வார்டிலேயே இருக்கிறது. இரவு டியூட்டியில் ஒரே செவிலி, நிறையக் கட்டில்கள். எல்லாக் கழுத்தையும் மணிக்கொரு முறை பார்க்க அவருக்குக் கால் போதாது. அந்தக் குறையை நிரப்பத்தான் பாட்டில் தொங்குகிறது. ஆள் இருக்க வேண்டிய இடத்தில் பொருள் இருக்கிறது. அது செய்யும் கெடுதல் வலியும், தழும்பும், ஒரு நாள் கூடுதல் படுக்கையும் மட்டுமல்ல. பார்க்க வேண்டியவரின் கண்ணைக் கழுத்திலிருந்து தன் பக்கம் திருப்பிவிடுகிறது. காலையில் நான் எழுதிய சார்ட்டில் மில்லிக்கும் நிறத்துக்கும் கட்டம் இருந்தது. படுக்க மறுக்கிறாரா, குரல் மாறியிருக்கிறதா என்று எழுதக் கட்டம் கிடையாது. இருந்த கட்டத்தை நிரப்பினோம்.

ஆகவே குழாயைக் கைவிடுவது ஒரு சிக்கன நடவடிக்கையாக மட்டும் வந்துவிடுமோ என்று எனக்குக் கவலை உண்டு. குழாய் இல்லை, அடுத்த நாளே டிஸ்சார்ஜ், கட்டில் காலி, கணக்கு நேராகிவிட்டது என்று நிர்வாகங்கள் மகிழலாம். மிச்சமாகும் அந்த ஒரு நாளில் பாதியையாவது முதல் இரவுக்குத் திருப்பித் தராவிட்டால் அது நோயாளியிடமிருந்து பறித்ததாகும். இரவுக்கு இன்னொரு செவிலி வேண்டும். கழுத்தை மறைக்காத சின்ன ஒட்டுக்கட்டு வேண்டும், சுற்றிச் சுற்றிக் கட்டிய பஞ்சுமூட்டை வேண்டாம். கட்டிலருகே அந்தப் பெட்டி வேண்டும். எப்போது வெட்டலாம் என்று செவிலிக்குப் பயிற்சியும், வெட்டினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற எழுத்துமூல அனுமதியும் வேண்டும். துணைக்கு இருக்கும் மகளிடமோ தங்கையிடமோ ஐந்து நிமிடம் உட்கார்ந்து, இன்னின்ன பார்த்தால் ஓடி வா என்று சொல்ல வேண்டும். அவர்கள் எப்படியும் தூங்கப்போவதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரியாமல் விழித்திருக்கிறார்கள்.

கோஹர் காலத்திலிருந்து இந்த அறுவையை மனிதர் பிழைக்கும் காரியமாக்கியவை இரண்டு: தியேட்டரில் அவசரப்படாத கை, அதற்குப் பிறகு விலகாத பார்வை. முதலாவதை நாம் நன்றாகக் கற்றுக்கொண்டோம். ரத்தநாளங்களை அடைக்கும் புதுக் கருவிகள் அதை இன்னும் எளிதாக்கியிருக்கின்றன. இரண்டாவதைத்தான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். குழாய் வேண்டாம் என்று முடிவு செய்யும் டாக்டரை நான் முழுமனத்தோடு ஆதரிப்பேன். ஆனால், அந்த முடிவை எழுதும் அதே தாளில், இன்றிரவு இந்தக் கழுத்தைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்பதையும் அவர் பெயரோடு எழுதிவிட்டுத்தான் வார்டை விட்டுப் போக வேண்டும்.